செம்பெயர்ச்சி: நிறம் மாறுவதா, இடம் மாறுவதா?

இளநிலை இயற்பியலில் அண்டவியலை முதன்முறையாகப் படிப்பவர்கள் ‘ரெட்ஷிஃப்ட்’ என்ற சொல்லில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தொலைவில் உள்ள விண்மீன்திரள்கள் சிவப்பாகத் தெரிவதற்குப் பெயர்தான் ரெட்ஷிஃப்ட் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. ஆனால் அப்படி எண்ண வைப்பது சொல்லேதான். தமிழில் இதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்தக் குழப்பத்தை வளர்க்காத சொல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் உமிழும் நிறமாலை வரிகளுள், அதாவது குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் தோன்றும் ஒளிக்கோடுகளுள், ஒன்றின் அலைநீளம் 486.1 நானோமீட்டர். அதே வரி, 3சி 273 என்ற குவாசாரின் (விண்மீன்போலத் தெரியும், மிகத் தொலைவான, மிகப் பிரகாசமான விண்மீன்திரள் மையம்) நிறமாலையில் ஏறத்தாழ 563 நானோமீட்டரில் நிற்கிறது. மற்ற ஹைட்ரஜன் வரிகளும் இதே விகிதத்தில், சுமார் 16 விழுக்காடு நீண்டிருக்கின்றன. எந்தத் தனிமத்தின் வரிகள் இவை என்று தெரியாமல் வானியலாளர்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, இந்த ஒரே விகிதத்தை 1963-இல் கண்டுகொண்டவர் மார்ட்டன் ஷ்மிட். அலைநீளம் எவ்வளவு கூடியதோ அந்த அளவைப் பழைய அலைநீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே ‘இசட்’. 3சி 273-க்கு அது 0.158. ரெட்ஷிஃப்ட் என்று வானியலாளர்கள் சொல்வது இந்த எண்ணைத்தான். வரிகள் நெடிய அலைநீளத்தின் பக்கம் இடம் மாறியிருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் நிறமாலையில் நெடிய அலைநீளம் உள்ள முனை சிவப்பு என்பதால் சிவப்பு பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது.

குழப்பம் மாணவர்களிடம் தொடங்கியதன்று. 1842-இல் பிராகாவில் கிறிஸ்டியன் டாப்ளர், ஒளிமூலம் நகர்ந்தால் அதன் அலைநீளம் மாறித் தெரியும் என்ற தம் கொள்கையை முன்வைத்ததே, இரட்டை விண்மீன்களின் நிறங்களை அவற்றின் இயக்கத்தைக் கொண்டு விளக்கத்தான். கொள்கை சரி, விளக்கம் தவறு. விண்மீன் விலகிச் செல்லும்போது அதன் சிவப்பு ஒளி அகச்சிவப்புக்கு நகர்ந்தால், புற ஊதாவில் இருந்த ஒளி கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குள் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். அந்த வேகங்களில் மொத்த நிறம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. நிறத்தை விட்டுவிட்டு வரிகளின் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று 1848-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ சொன்ன பிறகே வழி தெளிந்தது. 1868-இல் வில்லியம் ஹக்கின்ஸ் சிரியஸ் விண்மீனில் அதை அளக்க முயன்றார். 1912-இல் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் ஆண்ட்ரொமீடா விண்மீன்திரளை அளந்தபோது கிடைத்ததோ எதிர்த்திசை: நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் அது நம்மை நெருங்கி வருகிறது. அடுத்தடுத்து அவர் அளந்த நெபுலாக்களில் (விண்மீன்திரள்களை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) பெரும்பாலானவை விலகிச் செல்வதாகவே காட்டின. 1929-இல் வானியலாளர் ஹப்பிள் தொலைவோடு ஒப்பிட்டதும் பெரும்பாலும் ஸ்லைஃபரின் அளவீடுகளைத்தான். ஸ்லைஃபரின் பெயர் பாடநூல்களில் ஒரு வரியோடு போய்விடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

ஜெர்மன் மொழியில் இதை ‘ரோட்ஃபெர்ஷீபுங்’ என்பார்கள். ‘ரோட்’ என்றால் சிவப்பு. ‘ஃபெர்ஷீபுங்’ என்றால் இடம் தள்ளிப்போதல். இடம் மாறுதல் என்ற கருத்து இரு மொழிகளிலும் இருக்கிறது. தமிழ்ச் சொல்லிலும் அதுவே முன்னே நிற்க வேண்டும்.

தமிழில் எழுதுவோரிடம் சிவப்பு விலகல், செந்நகர்வு, சிவப்புப் பெயர்ச்சி, செம்பெயர்ச்சி எனப் பல வடிவங்களைப் பார்க்கலாம். இவற்றில் ‘விலகல்’ ஆகாது. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகையில் வளைவதைப் பள்ளியிலேயே ஒளிவிலகல் என்று படித்துவிடுகிறோம். அதே சொல் இங்கேயும் வந்தால் முப்பட்டகத்தைத்தான் மாணவர் நினைப்பார். ‘செந்நகர்வு’ பிழையில்லை. ஆனாலும் நான் தேர்வது ‘செம்பெயர்ச்சி’. பெயர்தல் என்றால் இருந்த இடம் விட்டு மாறுதல். இடம்பெயர்தல், புலம்பெயர்தல் என்று அன்றாடம் சொல்கிறோம். இயந்திரவியலில் இடப்பெயர்ச்சி என்ற கலைச்சொல் வேரூன்றிவிட்டது. குருப்பெயர்ச்சி என்றால் குரு ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்கு மாறுவது என்று எல்லோருக்கும் தெரியும். குருவின் நிறம் மாறுவதாக யாரும் எண்ணுவதில்லை. அந்தப் பழக்கம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ‘செம்மை’ என்பது ‘செம்’ என்று குறுகி முன்னொட்டாக நிற்பதால் சொல்லும் கச்சிதமாக அமைகிறது.

‘செம்’ என்பதையும் திசையாக மட்டுமே கொள்ள வேண்டும். ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா வரி புற ஊதாவில், 121.6 நானோமீட்டரில் பிறக்கிறது. இசட் 3 என்றால் அது நான்கு மடங்காகி 486.4 நானோமீட்டரில் வந்து சேரும். அது நீலப்பச்சை! செம்பெயர்ச்சி அடைந்த ஒளி நீலப்பச்சையாகத் தெரிகிறது. ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலையோ, இசட் 1 ஆனால் 42 செ.மீ. ஆகிறது. அது சிவப்பிலிருந்து இன்னும் தொலைவுக்குப் போய்விட்டது. அதற்கும் செம்பெயர்ச்சி என்றுதான் பெயர்.

அண்டவியலில் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஓர் அடுக்கு பொருள் சேர்கிறது. டாப்ளர் விளைவில் ஒளிமூலம் வெளியினூடே ஓடுகிறது. ஈர்ப்பை எதிர்த்து மேலேறும் ஒளிக்கு வரும் செம்பெயர்ச்சி வேறு. 1960-இல் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் சுமார் 22.5 மீட்டர் உயரத்துக்குள்ளேயே அந்த விளைவைச் சோதித்துக் காட்டினார்கள். அண்டவியல் செம்பெயர்ச்சியில் ஒளி பயணிக்கும் காலத்தில் வெளி என்பதே விரிகிறது. அலையும் அதே விகிதத்தில் நீள்கிறது. ஆகவே இசட்டோடு ஒன்றைக் கூட்டினால், ஒளி புறப்பட்ட நாளிலிருந்து பேரண்டம் எத்தனை மடங்கு விரிந்திருக்கிறது என்பது நேராகக் கிடைத்துவிடும். இசட் 6 என்றால் ஏழு மடங்கு. இசட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கி, ஒளியைவிட ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று எழுதுவது பிழை. அந்தப் பெருக்கல் மிகச் சிறிய இசட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

பேரண்ட நுண்ணலைப் பின்னணிக்கு இசட் சுமார் 1090. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்து, 3000 கெல்வின் வெப்பநிலையில் புறப்பட்ட ஒளி அது. இன்று 2.725 கெல்வின் அளவுக்குத் தணிந்து, மில்லிமீட்டர் அளவு அலைகளாக வந்து சேர்கிறது.

எதிர்ச்சொல் நீலப்பெயர்ச்சி; ஆண்ட்ரொமீடாவுக்கு உரியது அது. எழுதும்போது ‘செம்பெயர்ச்சி 6-இல் உள்ள விண்மீன்திரள்’, ‘செம்பெயர்ச்சியுற்ற வரி’ என்று இயல்பாகவே ஆளலாம். அண்டவியல் வகை மட்டும் பேசப்படும் இடத்தில் முதல் தடவை ‘அண்டவிரிவால் வரும் செம்பெயர்ச்சி’ என்று ஒரு சொல் கூட்டி எழுதினால், புதிதாகப் படிப்பவருக்கு அதுவே விளக்கமும் ஆகிவிடும்.