எழும்பாத பந்து

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “உலகின் தலைசிறந்த பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்) யார்? என் மாமனார் நோலன் ரயன் என்கிறார். மகன் மரியானோ ரிவேரா என்கிறான். இந்தச் சண்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆறிப்போகிறது. இயற்பியல் யாருக்கு ஓட்டுப் போடும்?”

எண்களை முதலில் முடித்துவிடுவோம். சை யங் 511 ஆட்டங்களை வென்றார். ரயன் 5,714 முறை பேட்டரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார், அதாவது மூன்று வாய்ப்பையும் தவறவிட வைத்து வெளியேற்றினார். ரிவேரா 652 ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் வந்து காப்பாற்றிக் கொடுத்தார். மூன்றுமே சாதனைகள்தான், ஆனால் ஒரே தராசில் நிற்காதவை. 1968-இல் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். அந்த ஆண்டு பொதுவாகவே பேட்டர்கள் திணறியதால், மறு ஆண்டே பிட்சர் நின்று எறியும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டிவிட்டார்கள். ஆகவே, ஒருவரை அவர் காலத்துச் சகாக்களோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அப்படிப் பார்த்தால் பெத்ரோ மார்டினெஸின் 2000-ஆம் ஆண்டு மலைக்க வைக்கிறது. அவர் ஆடிய அமெரிக்கன் லீக்கின் சராசரி கிட்டத்தட்ட 5 ரன்; பெத்ரோ கொடுத்தது 1.74. பட்டியலில் அடுத்த இடத்தில் இருந்தவர் 3.70.

கணக்கு போதும். எனக்கு ருசியான இடம் இனிமேல்தான்.

இரண்டு காகித டீக் கோப்பைகளை அடியோடு அடி சேர்த்து டேப் ஒட்டுங்கள். நான்கைந்து ரப்பர் பேண்டுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கி, கோப்பைகளின் இடுப்பில் சுற்றுங்கள். ரப்பரின் நுனி அடிப்பக்கமிருந்து முன்னால் வரும்படி பிடித்து, இழுத்துவிடுங்கள். போன வாரம் எங்கள் மொட்டைமாடியில் விட்டுப் பார்த்தேன். கீழே விழ வேண்டியது, முன்னால் போன வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேறி, ஒரு வட்டமடித்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியில் போய் உட்கார்ந்தது.

காரணம், பின்சுழற்சி. கோப்பை முன்னால் போகும்போது காற்று எதிரே வந்து மோதுகிறது. கோப்பையின் மேற்பரப்பு பின்னோக்கிச் சுழல்வதால், மேலே வரும் காற்றைத் தன்னோடு கைப்பிடித்து அழைத்துப் போகிறது. அந்தக் காற்று நெடுந்தூரம் ஒட்டியே வளைந்து, தாமதமாகத்தான் கழன்று கொள்கிறது. அடிப்பரப்போ காற்றை எதிர்த்துச் சுழல்கிறது. அங்கே காற்று சீக்கிரமே பிய்த்துக்கொண்டு போகிறது. விளைவு, பின்னால் விட்டுச் செல்லும் காற்றுத்தடம் மொத்தமாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று நம்மை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, ஒன்பதாம் வகுப்பு. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். முரளிதரனின் பந்து பேட்ஸ்மேனுக்கு முன்னால் திடீரென்று தாழ்ந்ததும் இதே வித்தைதான், சுழற்சி மட்டும் எதிர்த்திசையில்.

பேஸ்பாலில் இந்த வேலையைச் செய்து கொடுப்பது சிவப்பு நூலால் போட்ட 108 இரட்டைத் தையல்கள். காற்றைப் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பு அவைதான். வழவழப்பான பந்தாக இருந்தால், சில வேகங்களில் அது எதிர்ப்பக்கமாகக்கூட வளையும்!

இப்போது பிட்சரிடம் வருவோம். மேட்டுக்கும், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் எறிந்தால் பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பந்து பதினாறு முறைதான் சுற்றுகிறது. சுழற்சியே இல்லாவிட்டால் புவியீர்ப்பு அதை முக்கால் மீட்டருக்கும் மேல் கீழே இழுத்துவிடும். நல்ல பின்சுழற்சி அந்த வீழ்ச்சியில் ஏறக்குறையப் பாதியைத் தடுத்துவிடுகிறது. தடுக்கிறதே தவிர, பந்து மேலே ஏறுவதில்லை. கோப்பை சில கிராம், ஏறிவிட்டது. பந்து 145 கிராம். அதை ஏற்ற மனிதக் கை போதாது.

ஆனால் பேட்டரைக் கேளுங்கள். “என் கண் முன்னால் எழும்பியது” என்று சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை. கடைசிச் சில அடிகளில் பந்தைக் கண்ணால் தொடரவே முடியாது. எங்கே வரும் என்று மூளை முன்கூட்டியே ஊகித்து மட்டையை அனுப்பிவிடுகிறது. ஊகித்ததைவிடப் பந்து குறைவாக விழுந்தால், எழும்பியதாகத் தோன்றுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1941-இல் லைஃப் பத்திரிகை, வளைந்து வரும் கர்வ்பால் வெறும் கண்மயக்கமோ என்று படங்கள் போட்டுக் கேட்டது. வளைவு நிஜம், எழும்புவதுதான் மயக்கம். நேர்மாறாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்! வளைவை அளந்து காட்டியவர்களில் ஒருவர் லைமன் பிரிக்ஸ். அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர், அணுகுண்டு ஆய்வுக்கு முன்னோடியான, ரூஸ்வெல்ட் காலத்து யுரேனியக் குழுவுக்கும் அவரே தலைவர். ஓய்வுபெற்று, எண்பதைத் தாண்டிய வயதில், காற்றுச் சுரங்கத்தில் பந்துகளைச் சுழற்றிப் போட்டுப் பார்த்து, 1959-இல் முடிவை வெளியிட்டார். பந்து அதிகபட்சம் பதினேழரை அங்குலம் வளைந்தது. நம் ஊரில் ஒருவர் இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால், “இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?” என்ற கட்டத்தில் என்ன எழுதுவார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கண்ணேறு கழிக்க எலுமிச்சம்பழம் வாங்கும் செலவைக் கேள்வி கேட்க மட்டும் இங்கே எந்தக் குழுவும் இல்லை.

சரி, வாசகருக்குப் பதில். ரயனிடம் அசுர வேகம் இருந்தது. கூடவே, நான்கு பந்தைக் குறிதவறி எறிந்து பேட்டரை இலவசமாக முதல் தளத்துக்கு நடக்கவிடும் ‘வாக்’ (walk) என்பதையும் யாருமே கொடுக்காத அளவுக்குக் கொடுத்திருக்கிறார். ரிவேரா அநேகமாக ஒரே பந்தை வைத்துப் பிழைத்தார்: சுழல் அச்சைச் சற்றே சாய்த்து, கடைசியில் சில அங்குலம் பக்கவாட்டில் நழுவும் கட்டர். வரப்போவது அதுதான் என்று தெரிந்தும் மட்டைகள் முறிந்தன. ஆனால் அவர் பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ்காரர்.

என் ஓட்டு பெத்ரோவுக்கு. ஐந்தடி பதினோரு அங்குலம். அந்தத் தொழிலில் அது குள்ளம்தான். நீண்ட விரல்கள். பேட்டரின் மூளை போடும் கணக்கை அவர் இரு பக்கமும் குலைத்தார். ஃபாஸ்ட்பால் எதிர்பார்த்ததைவிட மேலே வரும். அடுத்த பந்துக்கும் கை அதே வேகத்தில்தான் சுழலும். பந்து மட்டும் மெதுவாக வந்து, கூடுதலாக விழும். மட்டை வெறுங்காற்றை வெட்டிவிட்டுத் திரும்பும்.

மாமனார் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாட்சல் பெய்ஜ் பெயரை எடுத்துவிடுங்கள். கறுப்பர் என்பதற்காகவே பெரிய லீக்கின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. உள்ளே விட்டபோது 1948, அவருக்கு வயது 42. அவருடைய நல்ல காலத்துப் பந்துகளை யாரும் கருவி வைத்து அளக்கவில்லை. 1965-இல், 59 வயதில், கன்சாஸ் சிட்டி அணிக்காக ஒரே ஒரு நாள் மேடேறினார். மூன்று இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், ரன் இல்லை.