குக்கர் விசிலுக்குள் முதுகுக்கு ஒரு மிடறு தண்ணீர்

இடுப்பு பிடித்துக்கொண்டது என்று யாராவது முனகினால் போதும், "ஜவ்வு விலகியிருக்கும்" என்று பக்கத்தில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். வழுக்கி ஓட அது சோப்புக்கட்டி இல்லை. மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுக ஒட்டிய வட்டு. வெளியே நார் வளையங்கள், நடுவே நீர் நிறைந்த களி. வளையத்தில் விரிசல் விட்டால் களி பிதுங்கும், அவ்வளவுதான். அதுகூட எல்லாருக்கும் இல்லை. பெரும்பாலான இடுப்பு வலிக்கு 'இதோ, இதுதான் காரணம்' என்று ஸ்கேனில் விரல் வைத்துக் காட்ட எதுவும் கிடைப்பதில்லை.

இந்த வட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. வளர்ந்த மனிதரின் வட்டில் வெளி விளிம்பைத் தவிர வேறெங்கும் ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதன் முக்கியச் சாப்பாடு. பகல் முழுக்க உடல் எடை அழுத்த அழுத்த, நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்; இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் இருந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருப்பது இதனால்தான். நம்பாதவர்கள் சுவரில் பென்சில் கோடு போட்டுப் பார்க்கலாம்.

ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுதல் என்றார். நாற்காலிக்குக் கெட்ட பெயர் வந்தது. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒரு தன்னார்வலரிடம் அளந்தபோதோ, தளர்வாக உட்காருவது நிற்பதைவிட மோசமில்லை என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் வில்லன் நாற்காலி அல்ல, அசையாமல் கிடப்பது. வெகுநேரம் கூன்போட்டு உட்கார்ந்தால், முதுகெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் பழைய பனியன் கழுத்துபோல் தொளதொளத்துவிடும். எழுந்த உடனே அவை பழைய நிலைக்கு வருவதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவோம். சுரீர் என்று பிடிக்கும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் பாயில் புரண்டு யோகா செய்வதைவிட, நாள் முழுக்க இரண்டிரண்டு நிமிடமாகச் செய்வது மேல். குக்கரை வைத்துவிட்டு நிற்கிறீர்களா? அடுப்புக்கு எட்டாத தூரத்தில் மேடை விளிம்பில் இரு கைகளையும் ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளியபடி ஓரோர் அடியாகப் பின்னே போங்கள். முதுகு தரைக்கு இணையாக வந்ததும் நில்லுங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும், தலை இரு கைகளுக்கு நடுவே. அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுவையாகத் தெரியும். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் பாதி இது. மூச்சை இழுப்பதைவிட நிதானமாக விடுங்கள். எட்டுப் பத்து மூச்சு போதும்.

மூச்சை நீளமாக விடும்போது இதயத்துடிப்பு தணியும், வலிக்குப் பயந்து விறைத்திருந்த தசையும் மெல்ல இளகும். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் காற்று அசைந்தாலும் குரைக்கும் நாய்போல் ஆகிவிடுகிறது. நோகாத அசைவுகளைத் திரும்பத் திரும்பக் காட்டித்தான் அதைப் பழக்க வேண்டும். அலுவலகத்தில் அதற்குப் பூனை-பசு அசைவு போதும்: நாற்காலியில் இருந்தபடியே மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தி, விடும்போது முதுகை வளைக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பல யோகா வகுப்புகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. விடியற்காலையில் வட்டு நீர் கோத்து உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அதன் மேல் விழும் இழுவை மிக அதிகம். எழுந்த கையோடு, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனம் வேண்டாம். ஒரு மணி நேரம் நடமாடிவிட்டுக் குனியுங்கள்.

இதெல்லாம் பலன் தருமா? 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பே முயலவேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. அதே ஆண்டு வெளியான, 320 பேரை வைத்து நடந்த ஆய்வில், 12 வார யோகா பிசியோதெரபிக்குச் சளைக்கவில்லை. வலி அடியோடு போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை, ஓரளவு குறையும்.

கால் மரத்துப்போனாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, வலியோடு காய்ச்சலும் வந்தாலோ ஆசனத்தை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.