சொல் விளக்கம்: பெயின் ஸ்கோர் – வலியளவு

ஆம்புலன்ஸில் வரும் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) நாடி, மூச்சு, ரத்த அழுத்தத்தோடு கேட்டு எழுத வேண்டிய எண் பெயின் ஸ்கோர். வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் இல்லை என்ற உச்சம் 10. 1 முதல் 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-லிருந்து கடுமை.

பெயின் என்பதன் வேர் லத்தீனின் போயினா. தண்டனை என்று பொருள். ஸ்கோர் பழைய நார்ஸ் மொழியில் கணக்குக்காக வெட்டும் கீறல். நம் ‘வலி’ வந்த வழி வேறு. பழந்தமிழில் அது வலிமை. திருக்குறளின் 48-ஆம் அதிகாரமான வலியறிதலில் எடைபோடப்படுவது செயலின் பலமும் தன் பலமும் மாற்றான் பலமும் துணைவர் பலமும்தான். உடல் துன்பத்துக்கு நோய், நோவு என்ற சொற்கள் இருந்தன. துடுப்பு வலித்தல் என்னும்போது அதே சொல் இழுப்பதைக் குறிக்கும்.

தமிழாக்கத்தில் ‘வலி மதிப்பெண்’ வேண்டாம். மதிப்பெண் என்றதும் பரீட்சை நினைவு வரும். அங்கே கூடினால் நல்லது, இங்கே கூடினால் ஆபத்து. ‘வலி அளவுகோல்’ என்பது 0 முதல் 10 வரையுள்ள கோல். அந்தக் கோலில் நோயாளி தொட்டுக்காட்டும் எண்ணுக்கு ‘வலியளவு’ பொருந்தும்.

சொல்லைவிடக் கேள்வியில்தான் பிழை அதிகம். பாம்பனிலோ தொண்டியிலோ திருக்கை மீனின் முள் குத்தியவர் “கடுக்குது” என்பார். சொறி (ஜெல்லி மீன்) பட்டவர் “எரியுது” என்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரோ, “வலியெல்லாம் இல்ல தம்பி, இறுக்குது” என்பார். “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டு 0 போட்டால் மாரடைப்பு கைநழுவும். கடுப்பு, எரிச்சல், குத்தல், குடைச்சல், இறுக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எண் சொல்ல வராத முதியவரிடம் “ரூபாய்க்கு எத்தன அணா வலி இருக்குய்யா?” என்று, ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கில் கேட்கலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முகப்படங்கள். அதற்கும் சிறிய குழந்தையிடம் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை கொடுத்துக் கூட்ட வேண்டும்.

கடலில் உழைத்தவர் அழாமல் இருப்பார். அதற்காக அவர் சொன்ன 9-ஐ 5 ஆக்கக் கூடாது. அவர் சொன்னதுதான் அளவு.

ஒருமுறை எடுத்த வலியளவு பாதி வேலைதான். திருக்கைக் குத்துக்குப் பொறுக்கும் சூட்டு வெந்நீர், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், 30 முதல் 90 நிமிடம் குத்துப்பட்ட காலை அதில் முக்கி வைக்க வேண்டும். சூட்டை மற்ற காலில் தொட்டுப் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காமல் வெந்துவிடும். 8 என்றவர் 3 என்றால் வெந்நீர் வேலை செய்கிறது. மறுபடி ஏறினால் முதலில் நீர் ஆறிவிட்டதா என்று பாருங்கள். கழுத்து, மார்பு, வயிற்றில் முள் தைத்திருந்தால் பிடுங்காமல், அசையாதபடி கட்டி ஏற்றுங்கள்.

எலும்பு முறிவுக்குச் சிம்பு (அசையாமல் வைத்துக் கட்டும் பட்டை) வைக்கும் முன்னும் பின்னும் கேளுங்கள். கட்டிய பிறகு வலியளவு கூடினால் கட்டு இறுகியிருக்கலாம். விரல் நிறம், உணர்ச்சி, நாடி மூன்றையும் பார்த்துத் தளர்த்துங்கள். மருத்துவர் சொல்லி ஊசி மருந்து போட்டிருந்தால் 5 முதல் 10 நிமிடத்தில் மறுபடியும் கேட்டு, மூச்சையும் எண்ணுங்கள். ராமநாதபுரம் வரைக்குமான நீண்ட சாலையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கேட்டு, நேரத்தோடு எழுதி, அவசரப் பிரிவில் ஒப்படைக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: “ஏற்றும்போது வலியளவு 8, சிம்பு வைத்த பின் 5, இப்போது 4.”