புல்லட்டில் ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது?

பழைய புல்லட்டின் கீழே கிடக்கும் சொட்டைப் பார்த்துவிட்டு "ஓட்டை இங்கேதான்" என்று யாராவது விரல் நீட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். ஆயில் சொட்டுவது இன்ஜினின் தாழ்ந்த இடத்தில். கசிவது அதற்கு ஒரு அடி மேலேகூட இருக்கும். ஆயிலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. அதனால் அது துளியாகத் திரண்டு விழாமல் உலோகத்தோடு ஒட்டிப் படரும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். நிறுத்தியதும் சைடு ஸ்டாண்டின் சாய்வில் இன்ஜினின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு இடப்பக்கம் வந்து சேரும். இடப்பக்கம் இருப்பது செயின் கேஸ். ஆக, வலப்பக்க டேப்பட் கவர் (வால்வைத் தள்ளும் பாகங்களின் மூடி) செய்த தப்புக்குச் செயின் கேஸ் ரப்பரை மாற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே சொட்டைப் பார்த்துத் தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர்.

இங்கே பேசுவது வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) கொண்ட பழைய 350 சிசி புல்லட் பற்றி. 1955-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய பிரிட்டிஷ் வடிவமைப்பு அது. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, இரண்டையும் இணைக்கும் செயின் கேஸ் தனி. பின்னால் வந்த, எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும் இன்ஜினுக்கு இதில் பாதி பொருந்தாது.

இந்தத் தனித்தனி அமைப்பால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எங்கே ஒழுகுகிறது என்பதல்ல, எது ஒழுகுகிறது என்பது. இன்ஜினுக்குள் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் ஆயில். செயின் கேஸுக்குள் கிளட்சும் செயினும் நனைய அரை லிட்டருக்கும் குறைவாக வேறு ஆயில். கியர்பாக்ஸில் இருப்பது கிரீஸ் கலந்த கெட்டியான சமாச்சாரம். வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். கறுத்து மெலிந்திருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கூழ் மாதிரி இழுபட்டால் கியர்பாக்ஸ். செயின் கேஸில் சிலர் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுவார்கள், அப்படியானால் குழப்பமே இல்லை.

சரி, இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு இன்ஜினை முழுசாகக் கழுவுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகளின் இடுக்கு, போல்ட் தலைகளின் அடி, எதையும் விடாமல். நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் வாடையே போகும் அளவுக்குக் காயவிட்ட பிறகு, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சந்தேகமான இணைப்புகள் மேல் மெல்லியதாகத் தூவுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட்டு, டார்ச்சோடு உட்காருங்கள். பவுடர் துகள்களின் இடைவெளி ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கசிகிற இடம் வழிந்து ஓடுவதற்கு முன்பே சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்துவிடும். மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள். முதலில் நிறம் மாறும் இடம்தான் குற்றவாளி, அதற்குக் கீழே நனைந்தவை எல்லாம் சாட்சிகள். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு சின்ன ரவுண்டு போய் வந்து பாருங்கள். சில கசிவுகள் சுமை ஏறினால்தான் வாயைத் திறக்கும்.

இடம் தெரிந்ததும் பேக்கிங் (இணைப்புகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட்) வாங்க ஓடுவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் அதற்கு முன் பார்க்க வேண்டியது, இன்ஜினுக்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் பிரீதரை.

பேரலின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தனக்குக் கீழே இருக்கும் காற்றில் 346 சிசி-யை நசுக்குகிறது. இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் சிலவற்றில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறி, இந்த அழுத்தம் சமனாகிவிடும். ஒற்றை சிலிண்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 தடவை கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கூடு) வீங்கி இளைக்கிறது. போதாததற்கு, எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும். இவ்வளவும் எங்கே போகும்?

அதற்காக வைத்ததுதான் பிரீதர் குழாயும், அதிலுள்ள வாத்து அலகு வடிவ ரப்பர் வால்வும். பிஸ்டன் இறங்கும்போது அலகு திறந்து காற்றை வெளியே விடும். ஏறும்போது மூடிக்கொண்டு, வெளிக்காற்றை உள்ளே விடாது. இப்படிச் சில சுற்றுகள் போனதும் கிராங்க் கேஸின் சராசரி அழுத்தம் வெளி அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்துவிடும். இதில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறைவு என்றால், பேக்கிங்கில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஆயில் வெளியே தள்ளப்படாது, காற்றுதான் உள்ளே வரப் பார்க்கும். அலகு காய்ந்து விறைத்துப்போனாலோ, பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டாலோ கதை தலைகீழ். உள்ளே அழுத்தம் ஏறி, எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலைத் துப்பும். அந்த நிலையில் டேப்பட் கவரை அடைத்தால் இன்ஜின் உச்சியில் இருக்கும் ராக்கர் கவரில் வரும், அதை அடைத்தால் பேரல் அடியில் வரும். ஒரு கசிவை அடைத்ததும் இன்னொன்று கிளம்புகிறது என்றால் சந்தேகம் பிரீதர் மேல்தான் திரும்ப வேண்டும். ரப்பர் வால்வு ஹெட் பேக்கிங்கைவிட மலிவு, மாற்ற இன்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது குழாயின் முனையில் கட்டைவிரலை லேசாக வையுங்கள். காற்று வெளியே தட்டுவது மட்டும் தெரிய வேண்டும். விரலைத் தள்ளுவதும் இழுப்பதும் மாறி மாறித் தெரிந்தால் வால்வு மூடவில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் அடைப்பு. வால்வு நன்றாக இருந்தும் புகையோடு காற்று பொங்கிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். இக்னிஷனை அணைத்து, கிக்கரைக் கம்ப்ரஷனில் நிறுத்தி அதன் மேல் உடம்பின் எடையைக் கொடுங்கள். கொஞ்ச நேரம் தாங்கி நிதானமாக இறங்கினால் நல்லது. உடனே பொசுக்கென்று இறங்கினால் வாயு எங்கோ தப்பிக்கிறது. ப்ளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தாங்கினால் ரிங், மாற்றமே இல்லையென்றால் இன்ஜின் வால்வு உட்காரும் இருக்கை.

பிரீதர் வழியே ஆயிலே கக்குகிறது என்று பதறுகிறவர்களும் உண்டு. இந்த இன்ஜினில் ஆயில் டாங்கி கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று கீழே வடிந்ததைத் திருப்பி அனுப்பும். பம்ப் தேய்ந்த வண்டியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தால் டாங்கி ஆயில் மெல்ல ஃப்ளைவீல் பக்கம் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து டிப் ஸ்டிக்கில் அளவு குறைவு என்று மேலே ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மிஞ்சியது வெளியேதான் வரும். அளவை இன்ஜின் சில நிமிடம் ஓடிய பிறகே பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரி, ஆனாலும் ஒரு இணைப்பில் கசிகிறது என்றால்தான் பேக்கிங். மெல்லிய இடுக்கு வழியே போகும் ஆயிலின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு (அதை அதாலேயே மூன்று தடவை பெருக்கிய கணக்குக்கு) ஏற்ப மாறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. 20டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது, 40 டிகிரியில் இருந்ததைவிட எட்டு ஒன்பது மடங்கு நீர்த்திருக்கும். காலையில் சுத்தமாக இருந்த இன்ஜின், ஊர் போய்ச் சேரும்போது நனைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அத்தோடு, பேரல் வார்ப்பிரும்பு, மேலே ஹெட்டும் கீழே கிராங்க் கேஸும் அலுமினியம். அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு. 10 செ.மீ. அகல இணைப்பு 100 டிகிரி சூடானால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.12 மி.மீ. பேரலின் அடியும் ஹெட்டும் ஒவ்வொரு பயணத்திலும் பேக்கிங்கை அந்த அளவுக்கு அரைத்துக்கொண்டே இருக்கின்றன.

கசிகிறது என்றதும் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது பட்டறைகளில் கைவந்த பழக்கம். டேப்பட் கவருக்கு நடுவில் ஒரே ஒரு நட்டுதான். அதை முறுக்க முறுக்க கவரின் நடு உள்ளே குழிந்து, ஓரம் தூக்கிக்கொள்ளும். முன்பைவிட அதிகமாக ஒழுகும். இப்படி வளைந்த கவரைக் கழற்றி, விளிம்பில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். தடித்த கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து, துளி ஆயில் விட்டு, எட்டு போடுவது போல மெதுவாகத் தேயுங்கள். மேடான இடத்தில் கோடு முதலில் அழியும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். சுற்றிலும் கோடு போய்விட்டால் விளிம்பு சமமாகிவிட்டது. இதற்குப் பிறகு புது பேக்கிங்கும் அளவான முறுக்கும் போதும். சிலிக்கான் பசையை அப்புவது மட்டும் வேண்டாம். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, பிய்ந்து, ஆயில் வழியை அடைக்கும்.

ராக்கருக்கு ஆயில் போகும் வெளிக்குழாயின் இணைப்பில் செம்பு வாஷர் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நசுங்க நசுங்கச் செம்பு இறுகிவிடும், அதனால்தான் மறுபடி போட்டால் கசிகிறது. மங்கிய சிவப்பு வரும் வரை அடுப்புத் தீயில் காட்டித் தண்ணீரில் போடுங்கள். எஃகை இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்போ இளகிவிடும்.

தொல்லை பிடித்தது கிராங்க் ஷாஃப்ட்டின் இடப்பக்க ஆயில் சீல். அது போனால் முதலில் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இன்ஜின் ஆயில் அழுத்தத்தில் செயின் கேஸுக்குள் புகுந்து, அங்கே அளவு ஏறி, கிளட்ச் சறுக்கி, கடைசியில் செயின் கேஸ் ரப்பர் வழியே வழியும். இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வர, செயின் கேஸின் லெவல் ஸ்க்ரூவைத் திறந்ததும் கருப்பு ஆயில் கொட்டினால் ரப்பரை மாற்றிப் பயனில்லை. கிளட்சைக் கழற்றித்தான் சீலை எட்ட முடியும். புது சீலின் ஸ்பிரிங் உள்ள உதடு இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் கச்சிதமாகவே உட்காரும், முதல் ஓட்டத்திலேயே ஒழுகும்.

வேலை முடிந்ததும் ஒரு முறை சூடேற்றி, முழுசாக ஆறிய பிறகு நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி பவுடர். அதற்குப் பிறகும் கிராங்க் கேஸின் இரு பாதிகள் சேரும் கோட்டில் லேசான ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அதற்காக இன்ஜினையே பிளப்பது செலவுக்கும் சரி, இன்ஜினுக்கும் சரி, லாபமில்லை. நிறுத்தும் இடத்தில் ஒரு அட்டையைப் போட்டுக்கொண்டால் போகிறது. பின் டயரில் ஆயில் படுகிறது என்றால் மட்டும், துடைத்துச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.