நாலு புள்ளி விழுந்தால் படம் வரும்

ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 820 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. காரைக்குடி வானைக் கடக்கும் கால் மணி நேரத்துக்குள் அவை அனுப்பும் படத்தை வீட்டு மாடியில் பிடித்துவிட வேண்டும். அலைவரிசை 137.9 அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸ்; விநாடிக்கு 72,000 குறியீடுகள். அலையின் நாலு கட்டங்களில் (சுழற்சியில் அலை நிற்கும் இடம்) எது வந்தது என்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் கண்டறிவதே பண்பிறக்கம்.

ஆண்டெனா எளிது. 53 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பிகள் இரண்டை 120 பாகையில் விரித்து, வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்கப் படுக்கையாக வைத்தால் போதும். சிக்கல் கேபிளில்தான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும். பின்கட்டு மாடியிலிருந்து முகப்பு அறைக்கு 40 மீட்டர் கேபிள் சாதாரணமாகவே ஆகிவிடும். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் என்றால் சக்தியில் ஐந்தில் நாலு பங்கு வழியிலேயே கரையும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் இழப்பு பாதியோடு நிற்கும். எதுவானாலும் சிக்னலைப் பெரிதாக்கும் முன்பெருக்கி ஆண்டெனாவின் காலடியில் இருக்க வேண்டும். அறைக்குள் வைத்தால் தேய்ந்த சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

கணினியில் செருகும் ரேடியோ ஏற்பியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் பெட்டி அலையை 8 பிட் எண்களாக்கித் தரும். மிச்ச வேலை மென்பொருளில். காஸ்டாஸ் வளையம் என்ற பகுதி தன் உள் அலையைச் செயற்கைக்கோளின் அலையோடு இழுத்துப் பிடித்தபடியே ஓடும். செயற்கைக்கோள் நெருங்கி விலகுவதால் வரும் டாப்ளர் விளைவால் அலைவெண் தொடக்கத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் கூடி, முடிவில் அதே அளவு குறையும். தலைக்கு நேர் மேலே வரும்போது விநாடிக்கு ஏறக்குறைய 27 ஹெர்ட்ஸ் வேகத்தில் நழுவும். வளையத்துக்கு இது பெரிய பாரமில்லை. பாரம், பெட்டியின் அலைவெண்ணை நிர்ணயிக்கும், சித்திரை வெக்கையில் சூடேறும் மலிவான படிகம். பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் 7 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். வெப்ப ஈடு செய்த படிகம் உள்ள பெட்டியை வாங்குங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

பிடி கிடைத்ததும் திரையில் கட்டத்துக்கு ஒன்றாக, கோலப்புள்ளி போல நாலு திட்டுகள் கூடும். கோளாறையும் அவையே காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் கூடாமல் வளையமாகச் சுழன்றால் அலைவெண் பிடிபடவில்லை. இடம் மாறாமல் பருத்துப் பரவினால் இரைச்சல்: கேபிளை, இணைப்பியை, பக்கத்து எல்இடி விளக்கைப் பாருங்கள். பெருக்கத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளிகள் மோசமானால், பண்பலை வானொலி பெட்டியைத் திணறடிக்கிறது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டி போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கலங்கலாகவே இருந்தால் மென்பொருளின் அமைப்பைப் பாருங்கள். மீட்டியோர்-எம் வரிசையின் என்2-3, என்2-4 இரண்டும் ஓக்யூபிஎஸ்கே முறையில் அனுப்புபவை; நாலு கட்டங்களை உருவாக்கும் இரண்டு கிளைகளில் ஒன்று அரைக் குறியீடு பிந்தி வரும். இந்தப் பிந்தல் இல்லாத வெறும் க்யூபிஎஸ்கே என்று தேர்ந்தெடுத்தால் புள்ளி தெளியவே தெளியாது.

புள்ளிகள் கொஞ்சம் பருத்திருந்தாலும் கவலையில்லை. மென்பொருள் செய்யும் விட்டர்பி என்ற முதல் பிழைத்திருத்தத்துக்குப் பிறகும் தப்பும் பிழைகளில், 255 பைட் கொண்ட ஒரு தொகுதிக்கு 16 பைட் வரை ரீட்-சாலமன் என்ற இரண்டாவது பிழைத்திருத்தம் மீட்டுத் தரும். அதையும் மீறினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.