செம்பனை நிழலுக்கு எந்தக் கேமரா?

கேமரா வாங்க ஈப்போவுக்குப் புறப்படும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப் போகிறீர்கள்? சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருப்பவருக்குப் பதில் பெரும்பாலும் "குறைந்த வெளிச்சத்தில்" என்பதுதான். நண்பகல் வெயிலில் யாரும் படத்துக்கு நிற்பதில்லை. கல்யாணம் மண்டபத்துக்குள் நடக்கிறது. தீமிதி பொழுது சாயும் நேரத்தில். தைப்பூசக் காவடி நள்ளிரவிலும் விடியற்காலையிலும். தோட்டத்துக்குள் போனால், வளர்ந்த செம்பனையின் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வானத்தை மூடிவிடுகின்றன. வெட்டவெளியைவிட அங்கே வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு, சில இடங்களில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும்.

ஆகவே, இருட்டைச் சமாளிக்கும் கேமராவே நமக்கான கேமரா. அதைத் தீர்மானிப்பது மெகாபிக்ஸல் அல்ல. கணக்கைப் பாருங்கள். கடையில் கழுவித் தரும் 4ஆர் படம் 4க்கு 6 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 1200க்கு 1800, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். இரண்டு மெகாபிக்ஸலுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சட்டம் போட்டு மாட்டும் 8ஆர் (8க்கு 10 அங்குலம்) படத்துக்கு 72 லட்சம். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 24 மெகாபிக்ஸல் கேமரா 6000க்கு 4000 புள்ளிகள் தருகிறது. 20 அங்குல அகலத்துக்கு அதே தரத்தில் அச்சிடலாம். அதற்கு மேல் காசு கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

காசு போக வேண்டிய முதல் இடம் சென்சார். சிலிக்கான் தகட்டில் லட்சக்கணக்கான ஒளி உணரிகள் வரிசையாக இருக்கின்றன. ஒளித்துகள் ஒன்று விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடலாம். ஷட்டர் என்னும் ஒளிக்கதவு மூடியதும் ஒவ்வோர் உணரியிலும் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்தது என்று கேமரா அளக்கிறது. பால்மரத்தில் கட்டிய கோப்பையில் விடிந்ததும் எவ்வளவு பால் சேர்ந்தது என்று பார்ப்பது போலத்தான். உணரிக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு வடிகட்டி வைக்கிறார்கள்: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது.

இருட்டில் படம் ஏன் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாகிறது? ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, தாறுமாறாக வருகின்றன. ஓர் உணரியில் சராசரியாக 10,000 துகள் பதிவானால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. வெறும் 100 துகள் பதிவானால் ஏற்ற இறக்கம் 10. பத்துச் சதவீதம், நன்றாகவே தெரியும். இது எந்தக் கம்பெனியின் குறையும் அல்ல, ஒளியின் இயல்பு. ஐஎஸ்ஓ என்னும் உணர்திறன் எண்ணை ஏற்றுவதால் கூடுதல் ஒளி வந்துவிடாது. வந்த ஒளியின் அளவு பெருக்கிக் காட்டப்படுகிறது, புள்ளிகளும் சேர்ந்தே பெருகுகின்றன. புள்ளியைக் குறைக்க நேர்வழி, அதிக ஒளியைச் சேர்ப்பதுதான்.

அதனால்தான் சென்சாரின் பரப்பு முக்கியம். சென்சார் அளவுகளில் ஃபுல் ஃபிரேம் என்பது 36க்கு 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6, அதாவது 367. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, அதாவது 225. "60 மடங்கு ஸூம்" என்று விற்கும், பார்வைக்குப் பெரிய கேமரா போலவே இருக்கும் பிரிட்ஜ் வகையில் உள்ளே இருப்பது வழக்கமாக 6.2க்கு 4.6 மி.மீ. சென்சார்தான், பரப்பு 28ஐ ஒட்டியது. உடலின் பருமனைப் பார்த்து ஏமாறும் இடம் இது. தொலைவில் இருக்கும் பறவையைப் பகலில் எடுக்க அது சரி. மண்டபத்துக்கு ஆகாது.

கைப்பேசி மட்டும் சின்னச் சென்சாரோடு இரவில் நல்ல படம் தருகிறதே என்றால், அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கூட்டுகிறது. கோபுரம் அசையாமல் நிற்கும், கூட்டல் சரியாக வரும். ஆடிவரும் காவடி நிற்காது; மயிலிறகும் கையும் இழுபட்டுப் போகும்.

என்னைக் கேட்டால், முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும். ஃபுல் ஃபிரேமுக்குப் போகும் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

ஏன் என்பதை ஒரு மண்டபக் கணக்கில் பார்க்கலாம். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஸூம் லென்ஸை 55க்கு நீட்டினால், அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. சாதாரண மண்டப வெளிச்சத்தில், தாலி கட்டும் கை மங்காமலிருக்க ஷட்டரை 1/125 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ 12,800 வரை ஏறும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் 1250 போதும். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த ஈவு; எண் சிறிதானால் துளை பெரிது. 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7, அந்த லென்ஸ் அத்தனை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள் விலை குறைந்த வரிசையிலேயே கிடைக்கின்றன. ஏபிஎஸ்-சி கேமராவில் மண்டபத்துக்கு 35, முகத்துக்கு 50.

ஆனால் அந்தப் பெரிய துளைக்கு ஒரு விலை உண்டு. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 11 செ.மீ. அளவுதான். மாப்பிள்ளை முகம் தெளிவாக இருக்கும், ஓரடி பின்னால் நிற்கும் பெண் மங்கிப்போவார். இருவர் என்றால் எஃப் 2.8, இரண்டு வரிசைக் குடும்பப் படம் என்றால் பின்னுக்கு நகர்ந்து எஃப் 5.6.

புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத வகை) வாங்குங்கள். அந்தக் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கெட்டதல்ல, மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் கேனனும் நிக்கானும் புது மாடல்களை மிரர்லெஸ்ஸில்தான் கொண்டுவருகின்றன. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவிய மோட்டார் கிடையாது. எனவே 50 மி.மீ. 1.8 'டி' லென்ஸை மாட்டினால் தானாகக் குவியாது. அதே 50 மி.மீ. 1.8இல் 'ஜி' என்று முடியும் லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். பணம் கொடுக்குமுன் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது சோதனை செய்யாமல் வராதீர்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, கைப்பேசி விளக்கைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சி முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸை மெல்லத் திருப்பும்போதுதான் தெரியும். தூசி என்றால் தனித்தனிப் புள்ளி. அது படத்தைக் கெடுக்காது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நரைமுடி போலக் கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வாருங்கள். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். துடைத்தெடுத்தாலும் அரித்த தடம் போகாது, விளக்கு எதிரே வரும் படங்களில் வெளுப்பு தட்டும். கேமரா உடலில் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று கேளுங்கள். தொடக்க நிலை உடல்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள் ஒரு லட்சம். கடைசியாக எஃப் 16இல் வெளுத்த வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சார் மேல் இருக்கும் அழுக்கு கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்.

பழகுவதற்கு முதலில் ஷட்டரைப் பிடியுங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் சாலையோரம் நின்று, கடந்துபோகும் மோட்டார்சைக்கிளை 1/30, 1/125, 1/500 என மூன்று வேகத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மங்கல் இரண்டு வகை: கை ஆடினால் படம் முழுவதும் மங்கும், ஆள் அசைந்தால் ஆள் மட்டும் மங்குவார். ஆட்டம் தடுக்கும் வசதி முதல் வகையை மட்டுமே தீர்க்கும். இது புரிந்துவிட்டால், ஷட்டரையும் துளையையும் நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 6400 என்று கட்டிவிடலாம். பெரும்பாலான நிகழ்ச்சிகளை இந்த ஓர் அமைப்பிலேயே முடித்துவிடலாம்.

தீமிதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/500, எஃப் 2.8, அசையும் ஆளை விடாமல் குவிக்கும் தொடர் குவியம் (கேனனில் 'செர்வோ', மற்றவற்றில் 'ஏஎஃப்-சி'). நம் ஊரில் சூரியன் இறங்கிய பின் அந்தி வெளிச்சம் 20 நிமிடம் சொச்சம்தான் நிற்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி பாதியாகும். ஐஎஸ்ஓ வரம்பைத் தொட்டதும் 1/250க்கு இறங்குங்கள். குழியின் நீளவாக்கில் எதிரே நின்றால் நடந்துவருபவர் முகம் நேராக வரும் என்று பலரும் அங்கே இடம் பிடிக்கிறார்கள். அங்கே நின்றால் குழியின் மேல் எழும் சூடான காற்று முழுவதையும் ஊடுருவிப் பார்க்க வேண்டும். சூட்டில் காற்றின் அடர்த்தி குறைகிறது, ஒளி வளைகிறது, முகம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிகிறது. எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. குழியின் முடிவில், பக்கவாட்டில், பால் தொட்டிக்கு அருகே நில்லுங்கள். இடையில் இருக்கும் சூடான காற்று மிகக் குறைவு. கங்குகளின் பிரகாசத்தைக் கண்டு கேமரா முகத்தை இருட்டாக்கும், ஒளித் திருத்தத்தை (+/- பொத்தான்) +0.7 ஏற்றிக்கொள்ளுங்கள். சாம்பல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். கருவறைப் பக்கம் திருப்பும் முன் கோயில் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்வது மரியாதை.

இந்த +/- திருத்தம் எதற்கு என்றால், கேமராவுக்கு எதிரே இருப்பது என்னவென்று தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் ஆக்கவே அதன் ஒளிமானி முயல்கிறது. வெள்ளைச் சட்டையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றால் படத்தை இருட்டாக்கி, பிள்ளைகளின் முகத்தையும் கறுக்கடித்துவிடும். +1 வையுங்கள். கறுப்புத் திரைக்கு முன் விளக்கொளியில் பரதம் ஆடும் பெண்ணை வெளிறவைக்கும். அங்கே -1.

செம்பனைக்கு அடியில் இன்னொரு தொல்லை, இலை வழியாக வடிந்து வரும் ஒளி பச்சையாக இருக்கும். கண் அதைத் திருத்திக்கொள்ளும், கேமரா முழுதாகத் திருத்தாது. முகம் நோயாளி போல வரும். அதே நிழலில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்து வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) அமையுங்கள், அல்லது ரா கோப்பாக (சென்சார் தந்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்துப் பிறகு மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான். 14 பிட் ராவில் 16,384. திருத்த இடம் அதில்தான் இருக்கிறது.

மண்டபத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் கேமரா பழுது என்று பயப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும். சத்தமில்லா ஷட்டரை அணைத்து, வேகத்தை 1/100 அல்லது 1/50 வைத்தால், ஒவ்வொரு வரியும் விளக்கு மின்னி மங்கும் ஒரு சுற்றையாவது முழுமையாக வாங்கிக்கொள்ளும். பட்டை மறையும். காணொளிக்கு நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50. 

இனி, கேமராவைக் காப்பது. நம் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு இருட்டும் அசையாக் காற்றும் கிடைத்தால் போதும்; அலமாரியில் பைக்குள் மூடிவைத்த லென்ஸ் அதற்குச் சரியான இடம். பஞ்சு வைத்த பை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது தூக்கிச் செல்ல மட்டும்தான். மின்சார உலர்பெட்டி வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஓர் ஈரமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள், 30க்குக் கீழே இறக்கி ரப்பரைக் காயவிடவும் வேண்டாம். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள்; ஈரம் ஏறினால் பச்சையாகும், அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் உண்டு, சமையலறைப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று குளிரறை. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். 22 டிகிரி குளிரறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வெளுத்துப்போவது இதனால்தான். துடைத்தால் மறுபடி படியும். கிளம்பும் முன், அந்தக் குளிரறையிலேயே பேட்டரி, கார்டு, லென்ஸ் மூன்றையும் பொருத்தி, ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். வெளியே வந்து அரை மணி நேரம் பையைத் திறக்காமல் வையுங்கள். நீர் பையின் மேல் படியும், கேமராவின் மேல் படியாது. அவசரத்தில் திறந்து லென்ஸைக் கழற்றினால், ஈரம் போய் உட்காரும் இடம் சென்சார்.