புது டிரைவர் போட்டும் மெஷின் சரியாக ஓடவில்லையா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத் தச்சுப் பட்டறைகளில் சி.என்.சி. ரவுட்டரின் (கணினி சொல்லும்படி மரம் செதுக்கும் மெஷின்) ஸ்டெப்பர் டிரைவர், அதாவது மோட்டாரைப் படிப்படியாகச் சுற்றவைக்கும் மின்பெட்டி, எரிந்தால் உடனே கொழும்பிலிருந்து இன்னொன்றை எடுப்பித்து மாட்டுகிறார்கள். அது ஒழுங்காக ஓடாவிட்டால் “புதுசும் பழுது” என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த டிரைவர் நல்லதுதான். கோளாறு வயரிலோ செட்டிங்கிலோ இருக்கும்.

பழையதைக் கழற்றுமுன் அதன் குட்டிச் சுவிட்சுகளையும் வயர்களையும் போனில் படம் எடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையின் விளக்கு அணையும்வரை பொறுங்கள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. அந்த நொடியில் மோட்டாரின் கம்பிச் சுருளிலிருந்து எழும் உயர் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும். கேபிள் செயினுக்குள் (நகரும் வயர்களைத் தாங்கும் சங்கிலி உறை) வளைந்து வளைந்து உள்ளே அறுந்த வயரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே மல்டிமீற்றரை வைத்து, கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள். இரண்டு சுருளும் ஒரே மாதிரி சில ஓம் காட்ட வேண்டும். மோட்டார் உடலோடு எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. இதைப் பார்க்காமல் மாட்டினால் புதியதும் எரியும்.

மோட்டார் வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். இரண்டு வயர்களை ஒன்றாகத் தொடுத்து மோட்டார் தண்டைக் கையால் திருப்புங்கள். இறுகினால் இரண்டும் ஒரே சுருள். சோடி மாறினால் மோட்டார் உறுமி அதிரும், சுற்றாது. எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒரு சுருளின் இரு வயர்களை மட்டும் மாற்றினால் போதும்.

டிஎம்542 என்ற டிரைவரின் மூடியில் கரண்டுக்கு உச்ச அளவு, ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) அளவு என இரண்டு எண்கள் இருக்கும். 4.2 ஆம்பியர் உச்சம் என்பது 3.0 ஆம்பியர் ஆர்எம்எஸ். கட்டுப்பாட்டுப் பலகை 24 வோல்ட் சிக்னல் தருவதானால், 5 வோல்ட் உள்ளீட்டு டிரைவருக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடரில் வேண்டும். எனேபிள் வயரை (டிரைவரை இயக்கவும் நிறுத்தவும் உள்ளது) முதலில் இணைக்காமலே ஓட்டிப் பாருங்கள்.

100 மில்லிமீற்றர் கேட்டால் 50 போகிறதா? மைக்ரோஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்பை எத்தனையாகப் பிரிப்பது என்ற செட்டிங், மாறியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 1/8 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் ஸ்குரூ என்றால் மில்லிமீற்றருக்கு 320 ஸ்டெப். சுவிட்ச் 1/16இல் இருந்தால் மென்பொருளில் 640 வேண்டும்.

அதிகம் குழப்புவது மெல்ல நகரும் விலகல். நீளமாக வெட்டும்போது தெரியாது. கோயில் கதவின் பூவேலைப்பாட்டில், ஒவ்வொரு அடுக்கும் ஒரே பக்கம் தள்ளிப் போவதாகத் தெரியும். திசை சிக்னல் வந்து நிலைக்குமுன் பல்ஸ் (ஒரு ஸ்டெப் நகரச் சொல்லும் சிக்னல்) வந்துவிடுவதே காரணம். டிஎம்542க்கு 5 மைக்ரோசெக்கண்ட் இடைவெளி தேவை. திரும்பும்போது ஒரு ஸ்டெப் தவறான பக்கம் போனால் இரண்டு ஸ்டெப் விலகல். மேற்சொன்ன ஸ்குரூவில் அது 0.00625 மில்லிமீற்றர், 100 தடவைக்கு 0.625. பேனைக்குறி வைத்து முன்னும் பின்னும் 100 தடவை ஓட்டினால் கண்ணுக்கே தெரியும். மெஷினை ஓட்டும் மென்பொருள் ஜிஆர்பிஎல் என்றால் $2 செட்டிங்கில் அந்த அச்சின் பல்ஸைத் தலைகீழாக்குங்கள் (எக்ஸ் 1, வை 2, இசட் 4). மாக்3 மென்பொருள் என்றால் ‘ஸ்டெப் லோ ஆக்டிவ்’ என்ற செட்டிங்கை மாற்றுங்கள். விலகல் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது வேறு நோய்: முடுக்கத்தைக் குறையுங்கள், ஸ்பிண்டில் (வெட்டுக் கத்தியைச் சுழற்றும் பகுதி) கேபிளை ஸ்டெப்பர் மோட்டார் கேபிளிலிருந்து விலக்குங்கள்.

நம் பக்கத்துப் பனிமூட்டத்தில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூள் ஈரம் பிடித்துக் கட்டுப்பாட்டுப் பலகைமேல் ஒட்டிக்கொள்ளும். பெட்டியைத் திறந்து, உலர்ந்த தூரிகையால் துடைத்த பிறகே கரண்ட் கொடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கினால் பிளக்கோடு யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.